வீரசிம்மன் பெண் பார்க்கப் போன கதை

கொம்பன்விளையில் நாலு அறிவாளிகள் இருந்தார்கள். அதை அவர்களே மனமுவந்து ஒத்துக்கொண்டுவிட்டதால் ஊரார் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மாவு மில் கோமதிநாயகம், நூலக உதவியாளர் நாறும்பூ, தையல்கடை சுடலைக்கண்ணு, தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற ஆவுடையப்பன். நாலு பேரில் கோமதிநாயகம் கொஞ்சம் தனி ரகம். முப்பத்துமூன்று வயது, நல்ல உழைப்பாளி, மிளகாயைக்கூடத் தும்மாமல் அரைப்பான். ஆனால் அந்நிய மனிதரைக் கண்டால், அதுவும் பெண்பிள்ளை என்றால், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பதினோரு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. பதினோரு வீட்டிலும் "தம்பி பேரு என்ன?" என்று கேட்டார்கள். அவன் "கோ..." என்று ஆரம்பித்து அதோடு நின்றுவிட்டான். பதினோராவது வீடு தமிழாசிரியர் வீடு. 'கோ' என்றால் பசு என்று எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய் மாட்டைக் காட்டி அனுப்பிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்கு வந்த புத்தகக் கட்டோடு ஒரு விளையாட்டுப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அதில் இருபது முகம் உள்ள பகடை ஒன்று, விதிப் புத்தகம் ஒன்று. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரன், திருடன், வைத்தியன் என்று ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டு, குகைக்குள் போய், பூதத்தோடு சண்டை போட்டு, புதையலோடு வர வேண்டும். எல்லாம் உட்கார்ந்த இடத்தில், வாயாலேயே.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூடினார்கள். கதை சொல்லும் பொறுப்பை ஏற்ற நாறும்பூ விதிப் புத்தகத்தைப் படித்தான்.

"முதல் விதி. ஆட்டம் முடியும்வரை யாரும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது."

"எந்தப் பாத்திரம்வே?" என்றான் ஆவுடையப்பன்.

"அவரவருக்குப் பொருத்தமான பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்னு போட்டிருக்கு."

பொருத்தமான பாத்திரம் கிடைப்பது லேசில்லை. கோமதிநாயகத்துக்கு வீட்டு அண்டா சரியாக இருந்தது. சுடலைக்கண்ணு ஒல்லி, தவலைக்குள் இறங்கிவிட்டான். ஆவுடையப்பன் கொஞ்சம் கனத்த சரீரம். தெருவெல்லாம் அலைந்து, கடைசியில் கல்யாணச் சமையல்காரரிடம் சொல்லி ஒரு கொப்பரை கொண்டுவந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் விளையாடினார்கள். நாலாவது ஞாயிறு மல்லி அரைக்க வந்த டீச்சர் ஒருவர், "பாத்திரம்னா ஏத்துக்கிட்ட வேஷம்யா!" என்று விளக்கம் சொல்லி, சுடலைக்கண்ணுவைத் தவலையிலிருந்து இழுத்தெடுக்க ஒரு கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. சுடலைக்கண்ணு திருடன் ஆனான். ஆவுடையப்பன் வைத்தியன். கோமதிநாயகம் வீரசிம்மன் என்ற மாவீரன்.

அங்கேதான் அதிசயம். கோமதிநாயகம் என்ற பெயரில் ஒரு சொல் வராத வாய், வீரசிம்மன் என்று சொன்னதும் மடை திறந்துகொண்டது. "ஏ பூதமே! வெளியே வா! நான் கிழக்கே ஏழு கோட்டையைப் பிடித்துவிட்டு வருகிறேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் பச்சரிசி அரைக்க வந்தவர்கள் பாதி மாவோடு போய்விட்டார்கள். அவனுக்கே ஆச்சரியம். இந்தக் குரல் இத்தனை வருசமாக எங்கே இருந்தது என்று தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆட்டத்தில் கற்ற பாடங்களை நாறும்பூ ஒரு நோட்டில் எழுதி வந்தான். குழு ஒருபோதும் பிரியக் கூடாது. எந்தக் கதவையும் சோதிக்காமல் நுழையக் கூடாது. புது ஊருக்குப் போனால் முதலில் எதிர்ப்படும் ஆளிடம் குறை கேட்டு, அதைத் தீர்த்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'இங்கே கற்றதை வாழ்க்கையிலும் பயன்படுத்துங்கள்' என்று இருந்தது.

"வாழ்க்கை எப்ப ஆரம்பிக்கு?" என்றான் சுடலைக்கண்ணு.

யோசித்தார்கள். நாள் எதுவும் குறிப்பிட்டிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வச்சுக்கிடுவோம்," என்றான் நாறும்பூ. "கோமதி செம்மண்குளத்துக்குப் பொண்ணு பாக்கப் போறாம்லா. நாமளும் கூடப் போவோம். அன்னைக்குப் பூராவும் யாரும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது."

கோமதிநாயகத்தின் அக்கா பகவதி முந்தின நாளே செம்மண்குளம் போயிருந்தாள். கிளம்பும்போது தம்பியிடம் கெஞ்சிவிட்டுப் போனாள்: "இந்தத் தடவையாவது வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசிருல."

நாலு வார்த்தை எவை என்று பஸ்ஸில் விவாதம் நடந்தது. முன்னால் இரண்டு இடமும் பின்னால் இரண்டு இடமும் காலியாக இருந்தன. குழு பிரியக் கூடாதே என்று நாலு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.

"வணக்கம். அது ஒண்ணு."

"காப்பி. ரெண்டு."

"போதும்."

"அதையும் சேத்தா மூணுதான். இன்னும் ஒண்ணு பாக்கி. வரட்டுமா?"

"வந்ததும் வராததுமா வரட்டுமான்னு சொன்னா மரியாதையா இருக்காதுவே."

"கடைசியில சொல்லட்டும்."

செம்மண்குளத்தில் இறங்கி நடந்தால், ஓடைப் பாலத்துச் சுவரில் கஞ்சி போட்ட வேட்டியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எதிர்ப்பட்ட ஆள். நாலு பேரும் கைகட்டி நின்றார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன குறை?" என்றான் கோமதிநாயகம், வீரசிம்மன் குரலில்.

பெரியவர் பெயர் பூதலிங்கம். அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. மனசு இளகிவிட்டது.

"என் மகளைப் பாக்க இன்னைக்கு மாப்பிள்ளை வாறதாச் சொன்னாவ. நாலு பேரு வரணும். பத்து மணின்னாவ, இன்னும் காணல. வழி தவறிட்டாவளோ என்னமோ."

"அடையாளம் சொல்லுங்க."

"மாவு மில்லு வச்சிருக்காராம். வாயே தொறக்க மாட்டாராம். ரொம்பக் கூச்சமாம்."

"எங்க ஊர்லயும் அப்படி ஒருத்தன் உண்டு அண்ணாச்சி," என்றான் ஆவுடையப்பன். "பாவம், பதினோரு இடம் தட்டிப் போச்சு."

"அவரா இருக்குமோ?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாறும்பூ தலையை ஆட்டினான். "அவன் எப்படி இருக்க முடியும்? அவன்தான் இன்னைக்கு வரலியே. வீரசிம்மன்லா வந்திருக்கான்."

பூதலிங்கத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாய் திறக்காத மாப்பிள்ளை என்று சொன்னார்கள். இந்தப் பையனோ கணீரென்று பேசுகிறான்.

தேடினார்கள். குழுவைப் பிரிக்காமல் தெற்குத் தெரு, வடக்குத் தெரு, கோழிப்பண்ணை, இரண்டு வைக்கோல்போர். ஒரு வைக்கோல்போரைக் கலைத்தும் பார்த்தார்கள். டீக்கடையில் கேட்டார்கள்:

"வெளியூர் ஆளுக நாலு பேரா வந்தாவளா?"

"வந்திருக்காவளே."

"எங்க?"

"இந்தா, நிக்காவல்லா," என்று டீக்கடைக்காரர் கரண்டியால் காட்டினார்.

நாலு பேரும் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ரோடு காலியாகக் கிடந்தது.

"அதுக்குள்ள போயிட்டானுவ," என்றான் சுடலைக்கண்ணு கசப்போடு.

ஒன்றரை மணிநேரம் கழித்துப் பாலத்துக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு தோல்வியை ஒத்துக்கொண்டார்கள். வேர்த்து, உடம்பெல்லாம் வைக்கோலாக நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பூதலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

"வராதவனை நினைச்சு என்ன செய்ய? வீட்ல கேசரியும் வடையும் ஆறிப்போய்க் கிடக்கு. நீங்க வந்து சாப்பிட்டுப் போங்க தம்பிகளா."

வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அது பெரிய சிக்கல். திறந்த கதவைச் சோதிப்பது எப்படி? முதலில் அதைச் சாத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா, தன் முகத்துக்கு நேராகக் கதவு மூடுவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். வெளியே சுடலைக்கண்ணு இஞ்ச் டேப்பால் நிலையை அளந்தான். பிறகு கதவில் காதை வைத்தான்.

"உள்ள யாரோ மூச்சு விடுதாவ," என்று கிசுகிசுத்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா கதவைத் திறக்க, சுடலைக்கண்ணு ஆரத்தித் தட்டின்மேல் விழுந்து, முழுக்கச் சிவப்பாக எழுந்தான். வைத்தியன் ஆவுடையப்பன் பதறிப்போய், சுண்ணாம்பும் மஞ்சளும் வடிந்த தலையைத் தன் துண்டால் இறுகக் கட்டிவிட்டான். வலிக்கவில்லை என்று சுடலைக்கண்ணு எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

கூடத்தில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். பால் சங்கத்தில் வேலை. காலையிலேயே கட்டிய பட்டுச்சேலை, வைத்த பூ வாடிவிட்டது, நெற்றியில் வேர்வை. அவளைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு மில் ஞாபகம் வந்தது. மாவு அரைத்துக் கொடுக்கப் பத்து நிமிசம் தாமதமானாலே மில் வாசலில் சத்தம் போடுகிற ஆட்களைப் பார்த்தவன் அவன். இந்தப் பிள்ளை சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கிறதே.

"யாருவே அந்த மாப்பிள்ளை?" என்று வெடித்தான். "ஒரு பிள்ளையை மூணு மணிநேரமா இப்படி வேர்க்க விட்டுட்டு எங்க போய்ச் சுத்துதான்? வாறேன்னு சொன்னா வரவேண்டாமா? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா காதைத் திருகிக் கொண்டுவந்து உங்க முன்னால நிறுத்துவேன்! நீங்க வருத்தப்படாதிய. அவனுக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான். உங்களுக்கு என்ன குறைச்சல்? முதல்ல நீங்க அந்தக் கேசரியச் சாப்பிடுங்க."

ஆவுடையப்பன் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். தன் விரல் தீர்ந்து, சுடலைக்கண்ணுவின் விரலும் தீர்ந்து, எண்ணிக்கையைக் கைவிட்டான்.

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கோமதிநாயகமும் பார்த்தான். பார்த்தும் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

அடுக்களையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு பகவதி அக்கா வந்தாள். "வந்துட்டியால? இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்ச?"

"அக்கா! நீ எப்படி இங்க? இந்த வீட்டு மாப்பிள்ளையைத் தேடிக்கிட்டு இருக்கோம்..."

"அந்த மாப்பிள்ளை நீதாம்ல, மூதி!"

சொன்ன சொல்லை வீரன் மீற முடியாது. கோமதிநாயகம் தன் காதைத் தானே பிடித்து, நன்றாகத் திருகி, நாலு எட்டு நடந்து செண்பகவல்லி முன்னால் போய் நின்றான்.

"இந்தா, கொண்டுவந்துட்டேன்," என்றான்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"காதை விடுல," என்றாள் அக்கா. "வேஷமெல்லாம் போதும். ஒழுங்கா உன் பேரைச் சொல்லு."

கோமதிநாயகம் அக்கா காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். "வெளிய வந்தா வாய் அடைச்சிரும்க்கா," என்றான் மெதுவாக. "இப்படியே இருந்துக்கிடுதேன்."

அது செண்பகவல்லி காதிலும் விழுந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்காக இவ்வளவு கோவப்பட்டு இதுவரை யாரும் பேசினதில்லப்பா. பேசினாருல்லா, அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. சம்மதம்."

பூதலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆவுடையப்பன் ஆரத்தி வடிந்த சுடலைக்கண்ணுவைக் கட்டிப்பிடித்தான். நாறும்பூ மட்டும் சுரத்தில்லாமல் நின்றான்.

"ஒரு விசயம்வே," என்றான். "சம்மதம்னு யாருக்குச் சொன்னாவ?"

"பேசினவனுக்கு."

"பேசினது யாரு?"

"வீரசிம்மன்."

"அப்ப கோமதிநாயகம்?"

ஒருவர் முகத்தை ஒருவரால் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாவது இடமும் தட்டிப் போயிருந்தது.

கோமதிநாயகம் காதைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நல்ல பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவனுக்குப் பாத்த பொண்ணை நான் கட்டிக்கிடுதேன்னா, அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

பகவதி அக்கா செம்புத் தண்ணீரைத் தானே குடித்துத் தீர்த்தாள். செண்பகவல்லிதான் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரு வழி சொன்னாள்.

"நேர்ல சொன்னா மனசு கஷ்டப்படும். பேசாம ஒரு கடுதாசி போட்டிருங்க."

அன்று சாயங்காலமே கோமதிநாயகம் கடுதாசி எழுதினான். நாறும்பூ எழுத்துப்பிழை திருத்தினான். 'அன்புள்ள கோமதிநாயகத்துக்கு, நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. உனக்கும் ஒரு நல்ல இடம் அமையும். கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும். இப்படிக்கு, வீரசிம்மன்.' ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் தபால்காரர் அதை மில்லில் கொடுத்துவிட்டுப் போனார். கோமதிநாயகம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்துப் படித்தான். முதலில் மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியிருந்த விதம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. உட்கார்ந்து பதில் போட்டான்: 'மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கவும்.'

வைகாசியில் கல்யாணம். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'கோமதிநாயகம்' என்று சீட்டு ஒட்டி, ஒருவரையும் உட்காரவிடாமல் சுடலைக்கண்ணு காவல் நின்றான். தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளை அந்த நாற்காலியைப் பார்த்தார். காலியாகத்தான் கிடந்தது.

"வாறேன்னு எழுதியிருந்தானே," என்று செண்பகவல்லியிடம் வருத்தப்பட்டார். "மனசுக்குள்ள இன்னும் கோவம் இருக்கு போல."

மத்தியானம் பந்தி முடிந்ததும், அவனுக்கென்று ஒரு இலைச் சாப்பாட்டைப் பாயசத்தோடு கட்டி, நாலு பேருமாகச் சமாதானம் பேச மில்லுக்குக் கிளம்பிப் போனார்கள்.