ஒரு பேரும் விடாமல்

தூத்துக்குடி நூல் மில்லில் ஊழியர் திறமை மதிப்பீடு காகிதத்திலிருந்து வெப்சைட்டுக்கு மாறியது. மதியம் முதலாளி திறந்துவைக்க வருகிறார். மதிப்பீட்டுப் படிவத்தின் கட்டங்களையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றியமைத்த மேனேஜர் பரமசிவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டச்சு செய்யும் ரோஸ்லினை அதட்டினார்.

"பழைய ஃபைலைப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே. எல்லாருக்கும் 'மிகச் சிறப்பு'ன்னு போடு."

"ஃபைல்ல இருக்கிற எல்லாருக்குமா சார்?"

"ஒரு பேரையும் விடாதே!"

அவள் விடவில்லை.

திரையில் 'மிகச் சிறப்பு' வாங்கிய முதல் பேரைப் பார்த்த முதலாளி, அவருக்குப் போர்த்தப் பொன்னாடையை எடுத்தார். "அமலதாஸைக் கூப்பிடுங்க."

மேனேஜர் முகம் வெளுத்தது. ரோஸ்லின் எழுந்தாள்.

"என் வீட்டுக்காரர்தான் ஐயா. செத்து ஒரு வருஷமாச்சு. இருந்தவரைக்கும் சார் அவருக்கு 'சுமார்'னுதான் எழுதினார். 'மிகச் சிறப்பு'ங்கிற இந்த ஒரு வார்த்தைக்காக வருஷா வருஷம் காத்துக்கிடந்தார்."