கயிறு பிடித்த கை

கரீபியன் கடலில் ஒரு தீவாம். அங்கே வெளிநாட்டு ஓட்டல் ஒன்று வந்து, கரையை வளைத்து வேலி போட்டது. அதுவரை அந்தக் கரையில் வலை இழுத்த செலஸ்டீன் அதே ஓட்டலில் துண்டு துவைத்தாள். மணலில் கால் வைக்க அவளுக்கு அனுமதியில்லை. அலையைப் பார்த்தபடியே பிழிவாள்.

ஒருநாள் மேனேஜர் ஓடிவந்தார். "நாளைக்கு முதலாளி வர்றார். விளம்பரப் படத்துல இருக்கிற மாதிரி மீனவங்க வலை இழுக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"நீங்க விரட்டின ஆளுங்களையே கூப்பிடணுமாக்கும்? சரிங்கய்யா, வேலியைத் திறங்க."

மறுநாள் ஊரே திரண்டு வலை இழுத்தது. முதலாளிக்கும் கை துறுதுறுக்க, கயிற்றைப் பிடித்தார். வலை கரையேறியதும் செலஸ்டீன் அவரிடம் ஒரு மீனை நீட்டினாள்.

"எனக்கா?"

"கயிறு பிடிச்ச கைக்கெல்லாம் பங்கு உண்டுங்கய்யா. எங்க வழக்கம். பங்கு வாங்கினவர், கூட இழுத்தவங்களுக்குக் கரையை அடைக்கக் கூடாது. அதுவும் வழக்கம்தான்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் முழித்தார். துள்ளும் மீனைக் கீழே போட முதலாளிக்கு மனசு வரவில்லை.

"வேலியை எடுத்துடுங்க."

பக்கத்து வீட்டு ஹெக்டர் அவள் காதைக் கடித்தான். "ரெண்டாவது வழக்கம் எப்பலேருந்து?"

"இன்னிக்குக் காலையிலேருந்து."

சொல்லிவிட்டு அலைக்குள் இறங்கினாள். பாவாடை நனைந்ததுகூடத் தெரியாமல், எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.