சங்கிலி அறுந்த ஜெபம்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது எங்க ஞானப்பூ அத்தை. பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் ரெண்டும் உப்பி, வாயைத் திறக்க முடியாம நான் கிடந்தப்போ சொன்னாங்க. நான் வெறும் "ம்" தான் கொட்டினேன். நீயும் "ம்" கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு பெரிய தொண்டை இருந்துச்சு. அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரி பேரு யோவன்னாள். அவ ஜெபம் பண்ணினா அடுத்த தெருக் கோழியெல்லாம் படபடன்னு எந்திரிக்கும். அவகிட்ட சீனின்னு ஒரு வெள்ளாடு. தாயில்லாம வந்த குட்டியைப் பாலாடையில பால் ஊத்தி வளர்த்தா. இப்போ சீனிக்கு நிறை வயிறு, தலைச்சன் பேறு. ம்?

ஒரு நாள் சாயங்காலம் பார்த்தா, தொழுவத்துல கயிறு மட்டும் கிடக்கு. சீனியைக் காணோம்! குளத்தங்கரையில தேடினா, இல்ல. கோயில் வளவுல தேடினா, இல்ல. பருத்திக் காடெல்லாம் ஓடிப் பார்த்தா, அங்கேயும் இல்ல. பொழுதோ மளமளன்னு சாயுது. இருட்டினா நரி வந்துடும். வலியெடுத்த ஆடு எங்க ஓடும், சொல்லு?

அப்போ பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க மூணு பேர் வந்தாங்க. "அழாதட்டி, சங்கிலி ஜெபம் பண்ணிருவோம்"னாங்க. சங்கிலி ஜெபம்னா, ஒருத்தி விட்ட இடத்துல அடுத்தவ பிடிச்சுக்கணும். நடுவுல இடைவெளி விட்டா சங்கிலி அறுந்துபோகும்னு அவங்களுக்கு ஒரு பயம்.

முதல்ல ராகேல் மைனி. ஆதாம்ல ஆரம்பிச்சாங்க. "நோவா பேழையில ஆட்டை ஏத்தினவரே!" அப்போ வெளியில "மே..."ன்னு ஒரு சத்தம். "ஸ்தோத்திரம்!"னு யோவன்னாள் போட்ட சத்தத்துல அது அமுங்கிட்டு.

அப்புறம் தெபோராள் அக்கா. பட் பட்னு கைதட்டிப் பாட்டாவே ஜெபிச்சாங்க. "மே... மே..." யாரு காதுல விழும்?

அப்புறம் எப்சிபாய் சித்தி. மழைக்கு ஜெபிச்சு, பாதிரி ஐயருக்கு ஜெபிச்சு, மருமகன் மூலத்துக்கும் ஜெபிச்சு முடிக்கலை, "மே... மே... மே..." சித்தி கண்ணை மூடிக்கிட்டே, "ஏட்டி, யாரு வீட்டு ஆடுட்டி அது? ஜெப நேரத்துல கத்துது, விரட்டுங்கட்டி!"ன்னாங்க.

ஏன் சிரிக்குற? சிரிக்காதே, தூக்கம் ஓடிடும்.

கடைசியில யோவன்னாள் முறை வந்துச்சு. "அப்பா..."ன்னா. அதுக்கு மேல வரலை. அவ்வளவு பெரிய தொண்டை, அழுகையில அடைச்சுப் போச்சு. ராகேல் மைனி முழங்கையால இடிக்குறாங்க, "சங்கிலி, சங்கிலி!" யோவன்னாள் வாயே திறக்கலை. கையைக் கூப்பிக்கிட்டு சும்மா இருந்தா. வீடே கம்முனு ஆயிட்டு.

அப்போ கேட்டுச்சு. "மே..." கூடவே சின்னதா, "மி... மி..."

"என் சீனி!"ன்னு எந்திரிச்சு ஓடினா. ஊரெல்லாம் தேடினவ கொல்லைக்குப் பின்னால பார்க்கலையே! அங்க பனங்கன்னு அடர்ந்த புதருக்குள்ள சீனி படுத்திருக்கு. வயித்தடியில ஈரம் காயாத ரெண்டு குட்டி, தடுக் தடுக்னு எந்திரிச்சு விழுதுங்க!

யோவன்னாள் ஒண்ணை மடியில போட்டுக்கிட்டா. சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வருது. எப்சிபாய் சித்தி ரெண்டு கையையும் தூக்கி, "இஸ்ரவேலின் தேவனே!"ன்னு ஆரம்பிச்சாங்க.

"சித்தி, கொஞ்சம் பொறுங்க"ன்னா யோவன்னாள். "இவ்வளவு நேரம் நாமதான பேசினோம். அவரும் ஒரு வார்த்தை பேசட்டும்."

நாலு பேரும் அந்த மண்ணுலேயே உட்கார்ந்தாங்க. குட்டி பால் குடிக்கிற சத்தம் மட்டும், சப்பு சப்புன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

குட்டிக்கு வயிறு நிறைஞ்சுது, கதைக்கும் கண்ணு சொக்கிட்டு. இப்போ நீ ஜெபம் பண்ணு, தங்கம். ஆமென் சொன்னதும் போர்வையை இழுத்துக்காத. கொஞ்ச நேரம் பேசாம கிட.