மூவாயிரம் ரூபாய்ச் சீட்டு

தூத்துக்குடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்த பெர்க்மான்ஸ் அண்ணாச்சி ஒரு கேமையும் ஆடிப் பார்த்ததில்லை. விலையைப் பார்த்தே தரம் சொல்லுவார்.

"நாலாயிரம் ரூபாய் கால்பந்து கேமுக்கு ஆயிரம் ரூபாய் கேம் ஒண்ணும் குறைச்சலில்ல," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டாள், அந்தக் கடையில் ஜாய்ஸ்டிக் பழுதுபார்க்கும் செண்பகவல்லி.

அண்ணாச்சி கொதித்தார். "இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

அவள் அசரவில்லை. இரண்டு டிவியில் இரண்டு கேமையும் ஓடவிட்டு, மேலே விலைச்சீட்டு ஒட்டினாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

நாலாயிரம் என்றிருந்த டிவியைக் காட்டி அவர் வாடிக்கையாளர்களிடம் கத்தினார்: "பாருங்கய்யா, புல்லுகூட அசையுது! அந்த ஆயிரத்துல ஓடுறவன் மரக்கட்டை மாதிரி ஓடுறான்!"

செண்பகவல்லி அந்த நாலாயிரத்து டிவியில் ஓடிய டிஸ்கை உருவிக் காட்டினாள். அது ஆயிரம் ரூபாய் கேம்.

"புல்லு அசைஞ்சது ஆயிரத்துக்கு. மிச்ச மூவாயிரம், நான் மாத்தி ஒட்டின சீட்டுக்கு. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் அண்ணாச்சி?"