முத்திரை வைத்த மாட்டுக்கொட்டில்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பொன்னூஞ்சலில் ஆட ஆசை வந்தது. கஜானாவில் பொன் போதவில்லை. வீடு வைத்திருப்பவரும் புதிதாக வாங்குபவரும் பத்திர ஓலையில் அரச முத்திரை பெற வேண்டும், விலையில் பத்தில் ஒரு பங்கைத் தீர்வையாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். வசூலுக்கு அமைச்சர் தாண்டவராயர்.

ஒரு வருடம் வசூலித்தார்கள். ஊஞ்சல் சங்கிலிக்குத்தான் பொன் சேர்ந்தது.

எண்ணெய் விற்கும் மருதாயி ஐந்து பொன்னுக்கு ஒரு குடிசை வாங்கினாள். அமைச்சரின் ஆட்கள் அதை 'மாளிகை, விலை ஐம்பது பொன்' என்று எழுதி முத்திரை வைத்தார்கள். தீர்வை ஐந்து பொன். அவளிடம் இல்லை. மறுநாள் மாலை குடிசை ஏலம்.

விகடகவி மாசிலான் அவளைச் சபைக்கு அழைத்து வந்தான்.

"மகாராஜா, அது குடிசை. ஒருமுறை நேரில் பாருங்கள்."

"முத்திரை வைத்த ஓலையில் இருப்பதே உண்மை," என்றார் தாண்டவராயர். "அரசரின் முத்திரை பொய் சொல்கிறது என்கிறீரா?"

பிரபுக்கள் சிரித்தார்கள். அமைச்சருக்குத் தெம்பு வந்தது.

"விகடகவிக்கு இரக்கம் அதிகம், மகாராஜா. ஊஞ்சலுக்குக் குறையும் பொன்னை நாளை மாலைக்குள் அவரே சேர்க்கட்டும். முடியாவிட்டால் அவர் வீடும் ஏலம் போகட்டும்."

ராஜாவுக்கு ஊஞ்சல்தான் முக்கியம். தலையாட்டினார்.

"சேர்க்கிறேன்," என்றான் மாசிலான். "அரண்மனை மாடுகளில் நாற்பது தாருங்கள்."

"விற்கவா?"

"கட்டிவைக்க, மகாராஜா."

மறுநாள் காலை தாண்டவராயர் தலைப்பாகை அவிழச் சபைக்கு ஓடி வந்தார்.

"மகாராஜா! என் கூடத்தில் மாடுகள்! பளிங்குத் தரையெல்லாம் சாணி! ஒன்று என் பட்டு மெத்தையில் படுத்திருக்கிறது!"

மாசிலான் ஓர் ஓலையை நீட்டினான்.

"அமைச்சரின் வீட்டுப் பத்திரம். 'மாட்டுக்கொட்டில், விலை பத்துப் பொன்.' முத்திரை இருக்கிறது. கொட்டிலில் மாட்டைக் கட்டினேன். தவறா?"

"அது தீர்வைக்காக எழுதியது, ஐயா! எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்! அது ஏழு கட்டு மாளிகை!"

"அப்படியானால் அரசரின் முத்திரை பொய் சொல்கிறதா, அமைச்சரே?"

தாண்டவராயர் அவிழ்ந்த தலைப்பாகையை அள்ளிச் சுற்றத் தொடங்கினார்.

"எல்லாரும் என்றாரே," என்றார் ராஜா. "அடுத்தது யார் வீடு?"

"சேனாதிபதி வீடு, மகாராஜா. ஓலையில் அது பன்றித்தொழுவம். பன்றிகள் வாசலுக்கு வந்துவிட்டன."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சபை காலி. பத்திரச் சாவடியில் பிரபுக்கள் முண்டியடித்தார்கள். பழைய ஓலையைக் கிழித்து உண்மை விலையை எழுதச் சொல்லிக் கெஞ்சினார்கள். வரிசையில் முதல் ஆள் தாண்டவராயர்.

மாலைக்குள் அவர்கள் கட்டிய தீர்வையிலேயே ஊஞ்சலுக்குப் பொன் சேர்ந்துவிட்டது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும்? கேள்."

"மருதாயியின் மாளிகையைக் குடிசையாக்குங்கள், மகாராஜா."

ஆக்கினார்கள். அவள் அரைப் பொன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று ஒரே நாளில் தலைநகரில் அறுபது மாளிகைகள் முளைத்தன. ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை.