பிஸ்கட்டுக்குக் கிடைத்த மூச்சு

ஆவாரங்காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தூங்கவில்லை. கண் இரண்டும் திறந்துதான் இருந்தன. நின்றாலும் குறட்டை, நடந்தாலும் குறட்டை, மீன் தின்றாலும் குறட்டை. அப்படி ஒரு பிறவி!

அதன் பெயர் பிஸ்கட். சப்பை முகம், மடிப்பு மடிப்பான நெற்றி, முட்டைக் கண். மூக்குத் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடு இரண்டு. இந்த முகம் காட்டில் தானாக உண்டானதல்ல. பார்க்க அழகாக இருக்கிறதென்று மனிதர்கள் சப்பை மூஞ்சி நாய்களாகவே தேடித் தேடி ஜோடி சேர்த்ததில் வந்தது. வெளியே முகத்தைச் சுருக்கியவர்களுக்கு உள்ளே இருக்கும் சதையைச் சுருக்கத் தெரியவில்லை. அது தொண்டையை அடைத்துக்கொண்டது.

ஒரு நாள் காட்டோரம் ஒரு கார் வந்து நின்றது. பிஸ்கட்டை இறக்கிவிட்டார்கள். "இதோட சத்தம் தாங்க முடியல!" என்று யாரோ சொன்னது அதன் காதில் விழுந்தது. கார் போய்விட்டது. எப்படி மனசு வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் காரில் இருந்தார்கள்.

பிஸ்கட் தட்டுத் தடுமாறிக் குளக்கரைக்கு வந்து ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தது. அதே நேரம் வாத்து முட்டை திருட நரி ஒன்று வந்தது. அதன் பெயர் நல்லமுத்து. பெயர் வைத்தவர் அதன் முகத்தைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். புதருக்குள்ளிருந்து "கொர்ர்ர்... கர்ர்ர்..." என்று சத்தம் கேட்டதும், "ஐயோ, சிறுத்தை!" என்று அலறிக்கொண்டு நரி ஓட்டம் பிடித்தது.

வாத்துகள் எல்லாம் இதைப் பார்த்தன. வாத்துக் கூட்டத்தின் தலைவி வடிவு புதரை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தச் சத்தம் நீங்க போட்டதா?"

"மன்னிச்சிரு தங்கச்சி," என்றது பிஸ்கட் பயந்துபோய். "இப்பவே போயிடறேன்."

"போறதா? எங்கே போறது? இப்படி ஒரு குரலை நாங்க கேட்டதே இல்லண்ணே! இங்கேயே இருங்க. நீங்கதான் எங்க காவல்!"

எந்தச் சத்தத்துக்காக வீட்டை விட்டுத் துரத்தினார்களோ, அந்தச் சத்தத்துக்காகவே இங்கே உபசாரம் நடந்தது. வாத்துகள் பிஸ்கட்டைச் சுற்றி வட்டமாகக் கூடு கட்டிக்கொண்டன. காலையில் கெண்டை மீன், மாலையில் கெளுத்தி மீன். போகிற வருகிற கொக்கிடமும் நாரையிடமும், "எங்க அண்ணன் குறட்டையைக் கேட்டீங்களா?" என்று பெருமையடித்தன.

பிஸ்கட் பட்ட பாடு பிஸ்கட்டுக்குத்தான் தெரியும். படுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் ஒரு கல்லின் மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திடுக்கிட்டு விழிக்கும். ஒரு வாய் மீன் தின்றால் அரை வாய் வெளியே வந்துவிடும். நாலு அடி நடந்தால் நாக்கு தொங்கிவிடும். ஆனால் அது யாரிடமும் வாய் திறக்கவில்லை. 'ஒரு இடத்திலிருந்து துரத்தியாகிவிட்டது. இங்கேயும் துரத்திவிட்டால் எங்கே போவேன்?' என்று நினைத்துக்கொண்டது.

குளக்கரை வளையில் ஒரு பெண் நண்டு இருந்தாள். அவள்தான் அந்தக் காட்டுக்கு வைத்தியர். நண்டு நாச்சியார் என்றால் காட்டுப்பன்றிகூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அவள் கொடுக்கின் கூர்மை அப்படி, அவள் வாய் அதைவிடக் கூர்மை. ஒரு நாள் அவள் நேராக பிஸ்கட்டிடம் வந்து, "வாயைத் திற!" என்றாள்.

"எதுக்கும்மா?"

"கேள்வி நான் கேப்பேன். வாயைத் திற!"

பிஸ்கட் திறந்தது. நாச்சியார் ஒரு காலை எடுத்து வைத்து எட்டிப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பார்த்தாள்.

"அட பாவி! மூக்குத் துவாரம் ஒரு எள்ளு நுழையற அளவுகூட இல்ல. மேல்வாய்ச் சதை நீண்டுபோய், தொண்டையில பாய் விரிச்ச மாதிரி மூடிக் கிடக்கு. நீ மூச்சு விடுறப்ப அந்தச் சதை ஆடுது. அந்தச் சத்தத்தைத்தான் எல்லாரும் ஆஹா ஓஹோன்னு கொண்டாடுறாங்க! இது குரல் இல்லடா, வியாதி!"

பிஸ்கட்டுக்கு வியர்த்ததா என்று கேட்காதீர்கள், நாய்க்கு அப்படி வியர்க்காது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. "இதுக்கு மருந்து இருக்கா?"

"மருந்து இல்ல. அறுவைதான். மூக்கு ஓரத்துல கொஞ்சம் கீறி எடுக்கணும். மேல்வாய்ச் சதையில அதிகமா இருக்கறதை வெட்டணும். வெட்டறது நான், தைக்கிறது தையல்சிட்டு. வெயில் காலம் முத்தறதுக்குள்ள செஞ்சாகணும். யோசிச்சுச் சொல்லு!"

நாச்சியார் போன மறு நிமிடமே, வாத்துகள் குளத்துக்குள் இருந்த நேரம் பார்த்து, நரி நல்லமுத்து வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பயந்து ஓடிய நரி, மறுநாளே வந்து ஒளிந்து பார்த்து, சிறுத்தையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை என்று தெரிந்துகொண்டிருந்தது. இப்போது அது பிஸ்கட்டுக்குப் பெரிய நண்பன் போலக் குழைந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

"தம்பி, அவ பேச்சைக் கேட்டு ஏமாறாதே!" என்றது நரி. "வாத்துங்க உனக்கு ஏன் மீன் கொடுக்குதுங்க? உன் குறட்டைக்காக! அதை வெட்டி எறிஞ்சிட்டா? மறுநாளே உன்னை வெளியே தள்ளிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

பிஸ்கட்டின் உள்ளத்தில் இருந்த பயத்தையே நரி எடுத்துச் சொன்னது. அது போதாதா? நாச்சியார் மறுபடி வந்து கேட்டபோது, "வேண்டாம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றது பிஸ்கட். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது.

வாத்துகளும் சேர்ந்துகொண்டன. "அண்ணனுக்கு என்ன குறை? நல்லாத்தானே குறட்டை விடறாரு!" என்றாள் வடிவு. "அவரு குறட்டை இருக்கறப்பவே கூட்டுல தினம் ஒரு முட்டை காணாமப் போகுது. நரிதான் பயந்து ஓடிடுச்சே, இதெல்லாம் பொந்துல இருக்கற அந்த உடும்பு வேலை. குறட்டையும் இல்லாட்டி எங்க கதி என்ன?"

நாச்சியார் பல்லைக் கடித்தாள். நண்டுக்குப் பல் உண்டா என்பது வேறு விஷயம்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் நடுப்பகலில் காற்று அசையவே இல்லை. பிஸ்கட் தண்ணீர் குடிக்க எழுந்தது. நாலு அடி வைத்தது. குறட்டை திடீரென்று கீச்சுச் சத்தமானது. பிறகு அதுவும் நின்றது. பிஸ்கட் அப்படியே சாய்ந்தது. நாக்கு நாவற்பழம் தின்றது போல நீலமாகிவிட்டது.

"அண்ணே! அண்ணே!" என்று வடிவு கத்தினாள்.

நாச்சியார் ஓடி வந்தாள். "கத்தாதீங்க! நிழலுக்கு இழுங்க! வயித்துல தண்ணி தெளிங்க! கழுத்தை நேரா வைங்க! இறக்கையால விசிறுங்க!"

வாத்துகள் இழுத்தன, தெளித்தன, விசிறின. வெகு நேரம் கழித்து ஒரு சின்ன "கர்ர்" வந்தது. இன்னொன்று வந்தது. நாக்கு மெதுவாகச் சிவந்தது.

வடிவு அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பாட்டுக் கேட்பது போலக் கேட்டது, ஓர் உயிர் திணறுகிற சத்தம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, வெட்டிருங்க!" என்றாள் நாச்சியாரிடம். "எங்க காவல் போனாலும் போகட்டும். முட்டையை நாங்க பாத்துக்கறோம். அண்ணன் மூச்சு விடணும்!"

பிஸ்கட் கண்ணைத் திறந்தது. "தங்கச்சி, குறட்டை போயிட்டா நான் இங்கே இருக்கலாமா?"

"என்ன கேள்வி இது? இருக்காம? அண்ணன்னு கூப்பிட்டது சும்மாவா?"

அதைக் கேட்டதும் பிஸ்கட்டின் முட்டைக் கண்கள் நிறைந்துவிட்டன. "சரிம்மா, செய்யுங்க" என்றது.

மறுநாள் அதிகாலைக் குளிர்ச்சியில் வேலை ஆரம்பமானது. நாச்சியார் மயக்கம் தரும் பச்சிலைச் சாற்றை ஊட்டினாள். பிஸ்கட் அசந்ததும் வாயில் ஒரு மூங்கில் துண்டை முட்டுக் கொடுத்தாள். பிறகு தானே அந்த வாய்க்குள் இறங்கினாள். நாயின் வாய்க்குள் நண்டு தன் காலால் நடந்து போனதை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது. மூங்கில் நழுவினால் நாச்சியார் கதை முடிந்தது. அவளோ உள்ளேயிருந்து, "வெளிச்சத்தை மறைக்காதீங்க, அறிவுகெட்ட வாத்துகளா!" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

கொடுக்கு இரண்டு தடவை 'நறுக்' என்றது. தொங்கிக்கிடந்த சதை வெளியே வந்து விழுந்தது. மூக்கின் இரண்டு ஓரத்திலும் சின்னதாகக் கீறினாள். தையல்சிட்டு அலகில் சிலந்தி நூலோடு காத்திருந்தது. இலைகளைச் சேர்த்துக் கூடு தைக்கிற அந்த அலகால், ஒரு துளி பிசகாமல் தைத்து முடித்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் பிஸ்கட்டுக்கு நினைவு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. 'செத்துவிட்டோம் போலிருக்கிறது' என்று நினைத்தது. வாத்துகளுக்கும் அதே சந்தேகம். வடிவு தன் மார்பிலிருந்து ஒரு மெல்லிய சிறகைப் பிடுங்கி அதன் மூக்கருகே பிடித்தாள். சிறகு ஆடியது. மறுபடி ஆடியது. "மூச்சு வருது! சத்தமே இல்லாம வருது!" என்று குதித்தாள்.

அப்போது பிஸ்கட்டின் மூக்குக்குள் ஏதோ வந்தது. ஈர மண் வாசனை. அதன் பின்னால் தாழம்பூ. அதன் பின்னால் வாத்துச் சிறகின் சேற்று வாடை. பிறந்ததிலிருந்து இத்தனை வாசனை அதற்கு ஒருசேரக் கிடைத்ததில்லை. "உலகம் இப்படியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கால் நான்கையும் நீட்டிப் படுத்து, மாலை வரை தூங்கியது.

இருபது நாள் போனது. தையல் ஆறியது. பிஸ்கட் தன் மீனைத் தானே பிடிக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் எல்லாம் அயர்ந்து கிடந்தபோது நரி நல்லமுத்து வந்தது. 'குறட்டை போனால் போகட்டும், எல்லாம் தூங்குதுங்க. மெதுவாக நடந்தால் ஒரு முட்டை கிடைக்காதா' என்ற நப்பாசையில் கூட்டை நோக்கிக் கால் வைத்தது.

சரக்!

காய்ந்த சருகின் சத்தம் குளக்கரை முழுவதும் கேட்டது. அத்தனை வாத்துக் கழுத்துகளும் நிமிர்ந்தன. நரி திகைத்தது. இன்னொரு கால் வைத்தது. சரக்! பிஸ்கட் மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. "நல்லமுத்தண்ணே, நீங்களா?" என்று பாய்ந்தது.

நரி ஓடியது. 'பத்தடி ஓடினால் இந்தச் சப்பை மூஞ்சி மயங்கி விழும்' என்று திரும்பிப் பார்த்தது. பத்தடி போனது, நூறடி போனது, சப்பை மூஞ்சி விழவில்லை! நரியின் வால் பிஸ்கட்டின் வாயில் சிக்கியது.

"விடுடா!" என்று ஆத்திரத்தில் கத்தியது நரி. "அந்த நண்டு கெடுத்தா என் பொழைப்பை! உன் குறட்டை இருந்தவரை நான் சருகுல நடந்தா ஒருத்தருக்கும் கேக்காது. தினம் ஒரு முட்டை தின்னேன்! இப்ப ஒரு அடி வைக்க முடியல!"

வாத்துகள் காவல் என்று கொண்டாடிய சத்தமா திருடனுக்குத் துணையாக இருந்தது? நரி பாதி வாலோடு அந்தக் காட்டை விட்டே போனது. வடிவு நேராக உடும்பின் பொந்துக்குப் போய், "உங்களைத் தப்பா நினைச்சிட்டோம், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிஸ்கட், நாச்சியாரின் வளைக்கு முன்னால் போய்த் தலை குனிந்து நின்றது.

"அம்மா, என் வாய்க்குள்ள நீங்க உங்க உயிரையே வச்சீங்க. அதுக்கு நான் என்ன கொடுக்கறது?"

"கொடுக்கறாராம்! தலையைத் தூக்கு, தையலைப் பாக்கணும்," என்றாள் நாச்சியார். "இங்க பாரு, நான் உன் மூஞ்சியை நீட்டல. வழியைத்தான் அகலமாக்கி இருக்கேன். உச்சி வெயில்ல ஓடாதே. உடம்பைப் பெருக்க விடாதே. சரி, மெதுவா ஒரு மூச்சு விடு."

பிஸ்கட் மூச்சு விட்டது. நாச்சியார் அசையாமல் கேட்டாள். தவளை கத்தியது, தண்ணீர் சலசலத்தது, தூரத்தில் வாத்துக் குஞ்சுகள் பேசின. மூச்சு மட்டும் கேட்கவே இல்லை.

"இன்னொண்ணு" என்றாள் அந்தக் கோபக்காரி. பிஸ்கட் இன்னொரு மூச்சு விட்டது. "நல்லாருக்கு. போய் வயிறாரச் சாப்பிடு. தினமும் காலையில வந்து இதே மாதிரி ஒரு மூச்சு விட்டுட்டுப் போ. எனக்கு அது போதும்."

பிஸ்கட் ஒரு நாளும் போகத் தவறவில்லை.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, நம் துன்பத்தை அழகென்று புகழ்கிறவரைவிட, அதை நோயென்று முகத்துக்கு நேராகச் சொல்லித் தீர்த்துவைக்கிறவரே நமக்கு உண்மையான உறவு, அவருக்கு நாம் விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் நன்றி இருக்க வேண்டும்.