வடமலை கட்டிய அறை

மந்தைக்காட்டு ஆட்கள் நல்லவர்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள், அதுதான் கோளாறு.

வடமலைக்குச் செண்பகவல்லியைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் சாகச விளையாட்டு செய்கிறவர் என்று பெண்ணின் அப்பா அய்யாக்கண்ணுவிடம் யாரோ அளந்துவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், விளையாட்டு இல்லையென்றால் பெண்ணும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வடமலைக்கோ செண்பகத்தின் மேல் கொள்ளை ஆசை.

கூட்டாளிகள் பூவரசனும் சிங்கமுத்தும் ஒரு பாடப் புத்தகம் கொண்டுவந்தார்கள். விளையாட்டு எழுதுவதற்கென்றே உள்ள ஒரு கம்ப்யூட்டர் மொழி அதில் இருந்தது. முதலில் ஓர் அறையை உருவாக்குங்கள், கதவைப் பூட்டுங்கள், பிறகு சாவி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள் என்றது முதல் பாடம்.

வியர்க்க வியர்க்க இரண்டு வரி எழுதி, அறையையும் கட்டிக் கதவையும் பூட்டினான் வடமலை. சாவிக்குப் போகுமுன் சிங்கமுத்து கையைப் பிடித்தான்.

"புது அறை. பால் காய்ச்சாம எப்படி?"

மேசையிலேயே அடுப்பு வந்தது. பால் கிழக்கே பொங்கினால்தான் விசேஷம், ஆனால் கிழக்கே கீபோர்டு இருக்கிறதே என்று வடமலை தயங்கினான். அப்படியானால் அறைக்குள்ளேயே பொங்குகிறது, இன்னும் விசேஷம் என்றான் பூவரசன். பால் அமோகமாகப் பொங்கியது. விளையாட்டை ஓடவிடும் பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அய்யாக்கண்ணு வந்து உட்கார்ந்து, அந்தப் பொத்தானை அழுத்தி, திரையில் வந்ததை உரக்கப் படித்தார்.

"நீங்கள் ஓர் அறைக்குள் இருக்கிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது."

எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு கோழி உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போனது.

"கோழி போவுதே" என்றான் சிங்கமுத்து.

"அதுக்குப் படிக்கத் தெரியாதுல்ல" என்றான் பூவரசன்.

அய்யாக்கண்ணு மாப்பிள்ளையிடம் சாவி கேட்டார்.

"இன்னும் எழுதல மாமா. அதுக்குள்ள பால் பொங்கிடுச்சு."

கல்யாணம் போயிற்று என்று வடமலைக்குக் கண் கலங்கியது. அய்யாக்கண்ணு வெகுநேரம் யோசித்தார்.

"இனிமே நான் வெளிய போய் வேற மாப்பிள்ளை பாக்க முடியாது. பொண்ண இங்கயே வரச் சொல்லிடுங்க."

அடுத்த முகூர்த்தத்தில் அந்த அறையிலேயே தாலி கட்டினான் வடமலை. மகிழ்ச்சியில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் புதுப்பெண்ணிடம் தனியாக இரண்டு வார்த்தை பேச வழியில்லை. மாமனாரும் கூட்டாளிகளும் எதிரிலேயே இருந்தார்கள்.

கீபோர்டு ஒருவழியாகக் காய்ந்தது. சாவியை எழுதப் போகிறான் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வடமலை இன்னோர் அறையைக் கட்டி, தன்னையும் செண்பகத்தையும் அதற்குள் எழுதி, கதவைப் பூட்டினான்.

அய்யாக்கண்ணு திரையைப் படித்தார். எதிரே இலையின் முன் உட்கார்ந்திருந்த மகளைத் தாண்டி நாலாபுறமும் பார்த்தார்.

"இப்பத்தான இருந்தாங்க" என்றபடி திரையை இரண்டு தட்டுத் தட்டி, "சோறு ஆறுது, வந்து சாப்பிட்டுப் போங்கம்மா" என்றார்.

இலையில் ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்து எச்சில் விழுங்கினாள் செண்பகம்.

"கதவு பூட்டியிருக்குப்பா" என்றாள்.